பத்து நிமிடப் படைப்புக்கு ஐந்தடி போதும்

கேள்வி:

வணக்கம் ஐயா. பினாங்கில் ஒரு கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறேன். தமிழ் இலக்கியப் பாடத்தில் வாய்மொழிப் படைப்பு ஒன்று செய்ய வேண்டும். பேச்சுக்கு 10 நிமிடம், கேள்வி நேரம் 5 நிமிடம். அடுத்த வாரத்துக்குள் தலைப்புக்கு விரிவுரையாளரின் ஒப்புதல் வாங்க வேண்டும். படைப்பு மூன்று வாரம் கழித்து. மூன்று தலைப்புகள் வைத்திருக்கிறேன்: ‘சங்க இலக்கியத்தில் இயற்கை’, ‘பாரதியாரின் பெண்ணியச் சிந்தனைகள்’, ‘மலேசியத் தமிழ் நாவல்களில் தோட்டப்புற வாழ்க்கை’. இவற்றில் எதற்கு நல்ல புள்ளி கிடைக்கும்? இரண்டாவது தலைப்பு என்றால் தன் ஸ்லைடுகளைத் தருவதாக சீனியர் அண்ணன் ஒருவர் சொல்கிறார். பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் பேசியிருக்கிறேன், மேடை பயம் இல்லை. ஆனால் யாராவது கேள்வி கேட்டால் திணறிவிடுகிறேன்.

முதலாமாண்டு மாணவர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்:

வணக்கம் தம்பி.

மூன்றையுமே ஒதுக்கிவையுங்கள். அவை மோசமான தலைப்புகள் என்பதால் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பருவம் முழுக்க நடத்த வேண்டிய பாடம். சங்க இலக்கியம் என்றால் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டுமாகப் 18 நூல், 2,381 பாட்டு. உங்கள் கையில் இருப்பது 600 விநாடி. பாட்டுக்குக் கால் விநாடி வருகிறது. அதனால் என்ன நடக்கும் என்றால், குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு என்று ஐந்திணை அட்டவணை ஒன்று திரையில் ஏறும். அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் பள்ளியிலேயே படித்தது அது. விரிவுரையாளர் தலையாட்டுவார், புள்ளி நடுவாந்திரமாக வரும்.

பாரதியார் தலைப்பில் வேறு சிக்கல். பெண் விடுதலை பற்றிப் பாரதி பாடியதை யாரும் மறுக்கப் போவதில்லை. மறுக்க ஆளில்லாத தலைப்பில் பேசினால் பேச்சு தானாகப் புகழுரையாகிவிடும். பாரதியை விட மனமில்லை என்றால் ‘சந்திரிகையின் கதை’யை எடுங்கள். அவர் முடிக்காமல் விட்டுப்போன நாவல் அது. விதவை மறுமணம் அதில் கதையாகவே நடக்கிறது. கவிதையில் நிமிர்ந்து நடக்கும் புதுமைப் பெண்ணும், கதையில் அன்றாடம் வாழ வேண்டிய விசாலாட்சியும் ஒரே பெண்தானா? இது பேசத் தகுந்த கேள்வி. ஆனால் சீனியர் அண்ணனின் ஸ்லைடுகள் இதற்கு உதவாது. எப்படியும் அவற்றை வாங்காதீர்கள். ஒரே விரிவுரையாளர் அதே ஸ்லைடுகளை இரண்டாம் முறை பார்த்தால் என்ன ஆகும் என்பது ஒரு பக்கம். நீங்கள் கேள்வி நேரத்தில் திணறுவதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. இன்னொருவர் படித்துத் தொகுத்ததை ஒப்பித்தால், அந்த ஸ்லைடுக்கு வெளியே ஒரு கேள்வி வந்தவுடன் நிற்க இடம் இருக்காது. உங்கள் திணறலுக்குக் குரலோ கூச்சமோ காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். பேசுகிற பனுவலை முழுதாகப் படித்திராததுதான் காரணமாக இருக்கும்.

மூன்றாவது தலைப்பில் ‘நாவல்களில்’ என்ற பன்மை உங்களை மாட்டிவிடும். மலேசியத் தமிழ் நாவலின் தொடக்கமாக 1917இல் வந்த ‘கருணாசாகரன்’ பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. மூன்று வாரத்தில் நீங்கள் ஒழுங்காகப் படிக்கக்கூடியது ஒரு நாவல். மிஞ்சிப்போனால் இரண்டு. மீதியை முன்னுரைகளிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுப்பீர்கள். கங்காணி, கிராணி, லயத்து வீடு, கள்ளுக்கடை என்று ஒரு பட்டியல் வரும். பட்டியல் உண்மையாகவே இருந்தாலும் அது சமூக வரலாறு, இலக்கியப் படைப்பு ஆகாது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலானோர் தலைப்பை முடிவு செய்துவிட்டு அதற்கு மேற்கோள் தேடுகிறார்கள். அதைத் தலைகீழாக்குங்கள். முதலில் பனுவல். அது ஒரே ஸ்லைடில், பின்வரிசையில் இருப்பவர் கண்ணுக்கும் தெரிகிற எழுத்தில் அடங்க வேண்டும். கவிதை என்றால் 15 அடிக்குள். நாவல் என்றால் இரண்டு பக்கக் காட்சி ஒன்று. அதை மூன்று நாளைக்குத் தினமும் வாய்விட்டு வாசியுங்கள். எங்காவது ஓரிடத்தில் ‘இதை ஏன் இப்படிச் சொன்னார்?’ என்று தட்டும். தட்டவே இல்லை என்றால் பனுவலை மாற்றுங்கள், அதற்கு நேரம் இருக்கிறது. தட்டிய இடத்தைக் கேள்வியாக எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு அறிவுள்ள இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். இரண்டு பதிலுக்கும் சான்று பனுவலில் விரல் வைத்துக் காட்டும்படி இருக்க வேண்டும். இருந்தால் தலைப்பு கிடைத்துவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகவே செய்து காட்டுகிறேன். புறநானூறு 112, பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகளிர் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

தெரிந்த பாட்டுதான். தெரிந்த பாட்டாக இருப்பது நல்லது, பொருள் சொல்ல நேரம் போகாது. இனி உற்றுப் பாருங்கள். முதலடிக்கும் மூன்றாமடிக்கும் வேறுபாடு அகரமும் இகரமும் மட்டுமே. போன மாதத்தைச் சொல்லும்போது முதலில் தந்தை, பிறகு குன்று. இந்த மாதத்தைச் சொல்லும்போது முதலில் குன்று, கடைசியில் தந்தை. வரிசை திரும்பியிருக்கிறது. பாட்டு தந்தையில் தொடங்கி, தந்தை இல்லை என்பதில் முடிகிறது. இன்னொன்று: பெற்ற தந்தைக்கு இந்த ஐந்தடியில் ஓர் அடைமொழிகூட இல்லை. பகைவருக்கு மட்டும் ‘வென்று எறி முரசின்’ என்று ஒரு கம்பீரமான அடை. தந்தையை இழந்த பெண்கள், அவர் சாவுக்குக் காரணமானவர்களை ஏன் இப்படிச் சொல்கிறார்கள்?

இங்கே தட்டுகிறது அல்லவா, இதுதான் உங்கள் கேள்வி.

ஒரு பதில், இது இகழ்ச்சிக் குறிப்பு என்பது. மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டும் போரில் வெல்ல முடியாமல், பாரியை வஞ்சனையால் கொன்றார்கள் என்பது மரபாக வரும் செய்தி. அப்படியானால் ‘வெற்றி முரசு கொட்டும் வேந்தர்’ என்பது குத்தல். உரைகளிலும் இந்த விளக்கத்தைக் காணலாம். இதற்குத் துணையாகப் பக்கத்துப் பாட்டுகளைக் காட்டலாம். 110இல் பாரியின் நண்பரான புலவர் கபிலர் அந்த மூவரையும் பார்த்துக் ‘கடந்து அடு தானை மூவிரும் கூடி உடன்றனிர் ஆயினும் பறம்பு கொளற்கு அரிதே’ என்கிறார். கடந்து அடுதல் என்றால் வஞ்சியாமல் எதிர்நின்று கொல்லுதல். அதே மூவேந்தருக்கு அந்த அடை! 109இல் இன்னும் ஒரு படி மேலே போய், வாளால் முடியாது, ஆடிப் பாடி இரவலராகப் போனால் நாட்டையும் குன்றையும் அவனே தந்துவிடுவான் என்கிறார். மூன்று பேரரசர்களைப் பாணர் வேடம் போடச் சொல்லும் கிண்டல் அது. பறம்புப் பாட்டுகளில் வேந்தரைக் குத்தும் குரல் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு இது சான்று.

மறு பதிலும் வலுவானது. வேந்தரைக் குறித்தால் முரசையும் படையையும் சேர்த்துச் சொல்வது புறப்பாட்டின் வழக்கு. அடைமொழி வழக்காக வந்திருக்கலாம், அதில் குத்தல் தேட வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான ஒன்று: வஞ்சனை என்ற செய்தி இந்த ஐந்தடிக்குள் எங்கும் இல்லை. வெளியிலிருந்து அந்தக் கதையைக் கொண்டுவந்து வைத்தால்தான் குத்தல் கேட்கிறது. வைக்காவிட்டால், தோற்றவர்கள் வென்றவர்களின் வெற்றியை அப்படியே ஒத்துக்கொள்ளும் பாட்டாகவும் இது நிற்கும். அது இன்னும் கொடுமையான துயரம் என்றுகூட வாதிடலாம்.

எந்தப் பக்கம் நிற்பது உங்கள் விருப்பம். நான் இகழ்ச்சியின் பக்கம்தான் சாய்வேன், 109க்காக. ஆனால் எதிர்ப்பக்கத்தை நேர்மையாகச் சொல்லிவிட்டு அதன் பிறகு சாய்ந்தால்தான் புள்ளி. தலைப்பு இப்படி இருக்கலாம்: ‘வென்று எறி முரசின் வேந்தர்: பாரி மகளிர் சொல்வது புகழா, இகழா?’ தலைப்பின் வாலில் ‘ஓர் ஆய்வு’, ‘ஒரு கண்ணோட்டம்’ என்று ஒட்டாதீர்கள். பத்து நிமிடத்தில் நடப்பது ஆய்வு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டாலும் சரிதான். ஆனால் இதைப் படித்துவிட்டு உங்கள் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் எடுக்கக்கூடும். வழிமுறையை எடுத்துக்கொண்டு வேறு பாட்டுக்குப் போவது உத்தமம்.

நீங்கள் பினாங்குக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் நூலாக வந்த சிறிய நாவல். ஒரு வார இறுதியில் படித்துவிடலாம். போர் முடிந்த காலத்துப் பினாங்குதான் களம். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டு வரும் செல்லையா, வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தை விரும்புகிறான். படைக்குப் போய் வந்தவன் லேவாதேவித் தொழிலுக்குச் சரிப்பட மாட்டான் என்று பிள்ளை கருதுகிறார். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லி முடித்துவிட்டால் பேச்சு இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அவர் சொல்லும் காரணத்தைத் தொழிலின் கணக்காக எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கு சரியா என்று கேட்டால் பத்து நிமிடம் போதாது. ஒரு காட்சியை மட்டும் எடுங்கள். இருவரும் நேருக்கு நேர் பேசும் காட்சியானால் நல்லது, யார் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்க்க முடியும். ஜார்ஜ் டவுன் வீதிகளின் பழைய படங்களைத் திரையில் ஓட்ட ஆசை வரும். ஒரு படம் போதும். நான்கு படம் போட்டால் வகுப்பு படத்தைப் பற்றித்தான் கேட்கும்.

அதே காரணத்தால் பட்டினப்பாலையின் ‘காழகத்து ஆக்கமும்’ பக்கம் போக வேண்டாம் என்பேன். காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்று உரை சொல்கிறார். கடாரம் நமக்குப் பக்கத்துக் கெடா. பூஜாங் பள்ளத்தாக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. மாணவர்களுக்கு இந்த அடி மிகவும் பிடிக்கும், பிடிக்க வேண்டியதும்தான். ஆனால் இரண்டாம் நிமிடத்தில் பேச்சு தொல்லியலுக்குப் போய்விடும், பாட்டு அநாதையாகிவிடும். காழகம் எது என்பது வரலாற்றுக் கேள்வி. இலக்கியப் படைப்பில் அதற்கு விடை சொல்ல உங்களிடம் கருவி இல்லை.

மூலத்தைச் சரிபார்ப்பதில் சோம்பல் படாதீர்கள். புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் முதலில் பதிப்பித்தது 1894இல். அந்தப் பதிப்பில் உள்ள பழைய உரை 266ஆம் பாட்டு வரைதான் கிடைக்கிறது. அதற்கு மேற்பட்ட பாட்டை எடுத்தால் பிற்கால உரைகளையே நம்ப வேண்டும், அதைப் பேச்சில் சொல்லவும் வேண்டும். ஔவை துரைசாமிப் பிள்ளை உரை விரிவானது. புலியூர்க் கேசிகன் தெளிவுரை வேகமாகப் பொருள் பிடிக்க உதவும். குறைந்தது இரண்டு உரையைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் எங்கே முரண்படுகின்றனவோ அங்கேயே சில நேரம் தலைப்பு கிடைத்துவிடும். கல்லூரி நூலகத்தில் இல்லை என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணைய நூலகத்தில் மூலமும் உரையும் உண்டு. மதுரைத் திட்டத்தில் மூலம் இருக்கிறது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தது என்பதால் அச்சு நூலோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். கோலாலம்பூருக்கு வர வாய்ப்பிருந்தால், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தமிழ் நூல்களைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மேற்கோள் கேட்காதீர்கள். இல்லாத சங்கப் பாட்டுக்கு எண்ணும் புலவர் பெயரும் போட்டுத் தந்துவிடும், ஓசைகூட ஓரளவு சரியாக இருக்கும். தமிழ் விரிவுரையாளர் முன்னால் அது ஒரு நொடியில் அம்பலமாகும்.

இப்போது பேச்சுக்கு வருவோம். பேச்சுப் போட்டி அனுபவம் உங்களுக்கு உதவியும் செய்யும், கெடுதலும் செய்யும். குரலும் நிற்கும் விதமும் உதவி. ‘அவையோருக்கு என் முத்தமிழ் வணக்கம்’ என்று ஆரம்பித்து நடுவர், ஆசிரியர், சக மாணவர் என ஒவ்வொருவராக விளித்து வருவதற்குள் முக்கால் நிமிடம் போய்விடும். போட்டியில் அது மரபு. இங்கே பத்து நிமிடத்தில் முக்கால் நிமிடம் பெரிய செலவு. ஒரே வாக்கியத்தில் வணக்கம் சொல்லிவிட்டுப் பாட்டை வாசியுங்கள். போட்டிப் பேச்சு கேட்பவரை ஒரு முடிவுக்கு இழுத்துச் செல்லும், அதனால் சந்தேகத்தைக் காட்டாது. படைப்பில் சந்தேகத்தைக் காட்ட வேண்டும்: ‘இந்த இடத்தில் இரண்டு வழி இருக்கிறது’ என்று நிறுத்திச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தும் இடங்களைக் குறைத்து, நிறுத்தும் இடங்களைக் கூட்டுங்கள்.

தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90, 100 சொல் என்று கணக்கு வையுங்கள். எழுதும் குறிப்பு 850 சொல்லைத் தாண்ட வேண்டாம். பாட்டை இரண்டு முறை வாசிப்பதற்கும் நடுவில் மூச்சு வாங்குவதற்கும் மீதி நேரம் சரியாக இருக்கும். முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் பாட்டும் கேள்வியும் வந்துவிட வேண்டும். சான்றுகளுக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். மறுப்புக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள், அதைக் கடைசியில் அவசரமாகத் திணிக்காதீர்கள். புலவர் வரலாறு, நூல் அறிமுகம் எல்லாம் சேர்ந்து அரை நிமிடம். அதற்கு மேல் அதைக் கேட்க யாரும் வரவில்லை.

முழு உரையையும் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். எழுத்துத் தமிழின் நீண்ட வாக்கியத்தில் ஒரு வினையெச்சம் மறந்தால் வாக்கியம் முழுவதும் சரிந்துவிடும், திரும்பிப் பிடிக்கவும் முடியாது. அஞ்சலட்டை அளவில் ஐந்து அட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் வாக்கியத்தை மட்டும் முழுதாக எழுதுங்கள். அதற்குக் கீழே பாட்டு எண்ணும் இரண்டு மூன்று சொற்களும் போதும். மேற்கோளை மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்யுங்கள். லகர, ளகர, ழகரம் மேற்கோளில் சறுக்கினால் காதில் உடனே விழும். கைத்தொலைபேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

ஸ்லைடு ஐந்துக்கு மேல் வேண்டாம். பாட்டு இருக்கும் ஸ்லைடுதான் அதிக நேரம் திரையில் நிற்க வேண்டும். நீங்கள் பேசும் சொல்லுக்கு அதில் வேறு நிறம் கொடுங்கள். எழுத்தளவு 28க்குக் குறையக் கூடாது. ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துரு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அரங்கின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது தமிழ் முழுவதும் குறியீடுகளாக மாறித் தெரியும். ஒருங்குறியில் செய்து, பிடிஎஃப் கோப்பாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அந்த அறையின் கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒப்புதலுக்குத் தலைப்பை மட்டும் அனுப்பாதீர்கள். பாட்டு எண், உங்கள் கேள்வி, பார்க்கப் போகும் இரண்டு உரைகளின் பெயர், இவ்வளவையும் மூன்று வரியில் மின்னஞ்சல் செய்யுங்கள். பாட்டு ஏற்கெனவே இன்னொருவருக்குப் போயிருந்தால் விரிவுரையாளர் அப்போதே சொல்லிவிடுவார்.

கேள்வி நேரத்துக்கு நான்கு கேள்விகளை நீங்களே எழுதி விடையும் தயார் செய்யுங்கள். 112க்கு என்றால்: வஞ்சனைச் செய்தி எங்கிருந்து வருகிறது? இந்தப் பாட்டைப் பாரி மகளிரே பாடினார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? மற்றப் புறப்பாட்டுகளில் முரசு அடைமொழி எப்படி வருகிறது? குத்தல் இல்லை என்றால் பாட்டின் சுவை குறையுமா? இரண்டாவது கேள்வி கண்டிப்பாக வரும். பாட்டின் கீழ் வரும் கொளுவும் (பாட்டைப் பற்றிய குறிப்பு) தொகுத்தவர்கள் குறித்த பெயரும்தான் நமக்குள்ள ஆதாரம் என்று சொன்னால் போதும். கேள்வி வந்ததும் பதிலுக்குப் பாயாமல், கேள்வியை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். ஐந்து விநாடி கிடைக்கும், கேட்டவர் நினைத்ததும் உறுதியாகும். பிறகு பாட்டு ஸ்லைடுக்குத் திரும்பி, பதிலை அதில் உள்ள ஒரு சொல்லிலிருந்து தொடங்குங்கள். தெரியாத பாட்டைப் பற்றிக் கேட்டால், ‘109 முதல் 112 வரைதான் நான் படித்தேன், நீங்கள் சொல்லும் பாட்டைப் பார்க்கவில்லை’ என்று எல்லையைச் சொல்லுங்கள். அந்தப் பாட்டு எண்ணை அப்போதே அட்டையில் குறித்துக்கொண்டு, அடுத்த கேள்வி யாருடையது என்று பாருங்கள்.